சோனி ஆல்ஃபா 6400: ஃபோகஸ் கெட்டி, பட்டன்களைத்தான் மாற்றி வைக்கணும்

கிருஷ்ணகிரித் தோப்பில் மாம்பூவைக் கிட்டத்தில் எடுக்கவும், எருது விடும் விழாவில் தடுப்புக்கு வெளியே நின்று எடுக்கவும் ஒரே கேமரா போதுமா? 2019-இல் வந்த ஆல்ஃபா 6400 போதும். ஆனால் கம்பெனி வைத்து அனுப்பும் செட்டிங்கில் இல்லை.

முதலில் பின்பக்க லிவர். கட்டைவிரல் படும் பட்டனைச் சுற்றி இருக்கும் இது, ஒரே பட்டனுக்கு ஏஎஃப்/எம்எஃப் (தானியங்கி/மேனுவல் ஃபோகஸ் மாற்றம்), ஏஇஎல் (வெளிச்ச அளவைப் பூட்டுவது) என்று இரண்டு வேலை தருகிறது. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினாலே ஃபோகஸ் ஆகும் 'ஏஎஃப் வித் ஷட்டர்' என்பதை ஆஃப் செய்து, கஸ்டம் கீ மெனுவில் இந்தப் பட்டனுக்கு 'ஏஎஃப் ஆன்' கொடுத்தால் ஃபோகஸ் கட்டைவிரலுக்கும், கிளிக் ஆள்காட்டி விரலுக்கும் பிரிந்துவிடும். பையில் உரசி லிவர் நகர்ந்தால் ஃபோகஸே ஆகாது. கேமரா கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். லிவரின் இரண்டு நிலைக்கும் 'ஏஎஃப் ஆன்' கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

எருது ஓடும்போது ஏஎஃப்-சி (விடாமல் ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும் முறை), டிராக்கிங், ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதற்கும் வேகமாக. குறுக்கே ஆட்கள் ஓடினால் ஃபோகஸ் அவர்கள் மேல் தாவும். 'ஏஎஃப் டிராக்கிங் சென்சிடிவிட்டி'யை 2-க்கு இறக்கினால் மாட்டின் மேலேயே நிற்கும். விலங்குக் கண் ஃபோகஸை மாட்டுக்கு நம்பாதீர்கள். நாய், பூனைக்குத்தான் அது கைகொடுக்கும்.

ஜாய்ஸ்டிக் இல்லாதது பெரிய குறை. தொடுதிரையை டச் பேடாக்கி, வியூஃபைண்டரில் பார்த்தபடியே ஃபோகஸ் புள்ளியை நகர்த்தலாம். இடது கண்ணால் பார்ப்பவரின் மூக்கு பட்டாலே புள்ளி ஓடிவிடும். இயங்கும் பகுதியை வலது பாதிக்கு மட்டும் வையுங்கள்.

மாம்பூவுக்கு மேனுவல் ஃபோகஸ்தான். பீக்கிங் என்பது கூர்மையான விளிம்புக்கு நிறம் பூசிக் காட்டும் வசதி. எம்எஃப், டிஎம்எஃப் (தானியங்கி ஃபோகஸுக்குப் பிறகு ரிங்கால் திருத்தும் முறை) இரண்டில் மட்டும் வரும். லெவல் 'ஹை' வைத்தால் பூங்கொத்து முழுக்கச் சாயம் ஏறி, எது கூர்மை என்றே தெரியாது. 'லோ' வையுங்கள். வெள்ளையும் மஞ்சளும் பூவின் நிறத்தோடு கலந்துவிடும். சிவப்புதான் சரி, காம்பே சிவந்திருந்தால் பூவை மட்டும் பாருங்கள். அப்படியும் பீக்கிங் தோராயம்தான். கிட்டத்தில் கூர்மை சில மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் 'ஃபோகஸ் மேக்னிஃபையர்' வசதியை சி1 பட்டனுக்குக் கொடுத்து 5.9 மடங்கில் பார்த்தால்தான் உண்மை தெரியும். காற்றில் கொத்து ஆடினால் லென்ஸின் ஃபோகஸ் ரிங்கைத் தொடாமல், உடம்பை முன்னும் பின்னும் லேசாக அசைத்துத் தொடர்ச்சியாகச் சுடுங்கள்.

ரிங்கைத் திருப்பியதும் தானாகப் பெரிதாக்கும் 'எம்எஃப் அசிஸ்ட்' வீடியோவில் வேலை செய்யாது. அங்கேயும் மேக்னிஃபையர்தான்.

பழைய மேனுவல் லென்ஸை அடாப்டரில் மாட்டும்போது ஷட்டர் விழாமல் போகலாம். அப்படியானால் 'ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்' என்பதை எனேபிள் செய்யணும். லென்ஸில் ஒளி நுழையும் துவாரமான அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு எஃப் 8-க்கு மூடுங்கள். மூடியபடி ஃபோகஸ் செய்தால் எல்லாமே கூர்மையாக இருப்பதுபோல பீக்கிங் ஏமாற்றும்.

பாடியில் ஸ்டெபிலைசேஷன், அதாவது ஆட்டத்தைச் சமன் செய்யும் வசதி, கிடையாது. ஒகேனக்கல் பரிசலில் உட்கார்ந்து வீடியோ எடுக்க அந்த வசதி லென்ஸிலேயே உள்ள ஓஎஸ்எஸ் லென்ஸ் வேண்டும். பேட்டரி சிறிது. ஒரு சார்ஜில் வியூஃபைண்டரில் 360 படம் என்பது கம்பெனிக் கணக்கு. விழா நாளுக்கு இரண்டு கூடுதல் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள்.