மூன்றாவது சிலிண்டர்: 11 வருடம், 1,34,000 கிலோமீட்டர் ஓட்டிய அனுபவம்

போன வாரம் சித்தப்பா பையன் ஓசூரிலிருந்து போன் செய்தான். "அண்ணா, நீங்க வச்சிருக்கிற அதே வண்டி, 2015 மாடல், செகண்ட் ஹேண்டுல வருது. ரேட்டும் இறங்கியிருக்கு. எடுக்கலாமா?" உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொல்கிறேன் என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி பெயரைத் தவிர்த்துவிடுகிறேன். இந்தக் கோளாறு பல கம்பெனி வண்டிகளில் வரக்கூடியது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. 2014-இல் புதிதாக எடுத்தேன். வேலை ஏற்காட்டில், வீடு சேலத்தில். வாரத்துக்கு இரண்டு முறையாவது அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்க வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். நல்ல வண்டியா இல்லையா என்பது எட்டாவது வளைவுக்குள் தெரிந்துவிடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் கிளட்ச் 96,000 கிலோமீட்டர் வரை வந்தது, அதுவும் மலை ஏறியே. ஏசி கேஸ் ஒரே ஒரு முறை அடித்திருக்கிறேன். ஸ்டியரிங்கில் இன்றுவரை சத்தம் இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி. பின் சீட்டின் உயரம் அவருக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். வேறு வண்டியில் ஏறச் சொன்னால் மாட்டேன் என்பார். சமதளத்தில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தருகிறது. இதையெல்லாம் மனதாரச் சொல்கிறேன்.

சரி, இனி மூன்றாவது சிலிண்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

2022 அக்டோபரில் தொடங்கியது. மழை, பனிமூட்டம், பின்னால் அம்மா. ஆறாவது வளைவு தாண்டி மூன்றாவது கியரில் மிதித்தபோது, யாரோ பின்னாலிருந்து பம்பரைப் பிடித்து இழுத்து விட்டது போல ஒரு வெட்டு. திரும்பவும் ஒன்று. இரண்டாவது கியருக்கு இறக்கியதும் நின்றுவிட்டது. மேலே போய் நிறுத்திப் பார்த்தால் ஐடிலிங் பூப்போல ஓடுகிறது. இறக்கத்தில் ஒன்றுமே இல்லை. சேலம் வந்து சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் சார் ஓடுது" என்றார்கள். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருகிற நான்கு பிளக்கையும் மாற்றி, இன்ஜினுக்குள் காற்று போகும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள்.

வெட்டு நின்றது. ஏழு வாரம் நிம்மதியாக ஏறினேன். ஜனவரியில் திரும்ப வந்துவிட்டது.

ஏன் நின்றது, ஏன் திரும்ப வந்தது என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. பேட்டரியின் 12 வோல்ட்டை இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட்டாக உயர்த்திப் பிளக்குக்குக் கொடுப்பது காயில். என் வண்டியில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் நேராக உட்கார்ந்திருக்கும். பிளக்கின் இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர். மிதிக்காதபோது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, பொறி சுலபமாகத் தாவிவிடும். ஏற்றத்தில் மிதிக்கும்போது காற்றும் பெட்ரோலும் நிறைய உள்ளே போய் அழுத்தம் கூடும். அதே இடைவெளியைத் தாவ இன்னும் அதிக வோல்ட் வேண்டும். அந்த நேரத்தில் வெளியே கசிந்து ஓட ஒரு சுலபமான வழி இருந்தால் மின்சாரம் அந்த வழியாகப் போய்விடும், சிலிண்டர் எரியாது. அதுதான் மிஸ்ஸிங். புதுப் பிளக்கின் முனை கூர்மையாக இருக்கும், இடைவெளியும் தேயாமல் இருக்கும். குறைந்த வோல்ட்டே போதும். அதனால் புதுப் பிளக் போட்டதும் கோளாறு ஒளிந்துகொண்டது. கசியும் வழி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானதும் வெளியே வந்தது.

இது சர்வீஸ் சென்டரில் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயமா? எனக்கு ஆறவே இல்லை. இரண்டாவது முறை போனபோது பெட்ரோல் பிரஷர் கம்மி என்று சொல்லி பம்ப்பை மாற்றினார்கள். 8,400 ரூபாய். கேஜ் போட்டு அளந்தீர்களா என்று கேட்டேன். அனுபவத்தில் சொல்கிறோம் என்றார்கள். பம்ப் மாற்றியும் வெட்டு அப்படியே இருந்தது. பழைய பம்ப்பைக் கேட்டு வாங்கி வந்தேன். இன்னும் வீட்டு ஷெல்ஃபில் இருக்கிறது, நல்ல பம்ப் அது.

அவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை இன்ஜின் லைட் எரியவில்லை, கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் எந்த எரர் கோடும் பதிவாகவில்லை. மலை வரை ஓட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

2023 ஆகஸ்டில் லைட் சிமிட்டத் தொடங்கியது. விடாமல் எரிவது வேறு, சிமிட்டுவது வேறு. சிமிட்டினால் மிஸ்ஸிங் அந்த நிமிடமே கெடுதல் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். அது காயிலை விடப் பல மடங்கு விலை. தயவுசெய்து லைட் சிமிட்டும்போது மிதித்து ஓட்டாதீர்கள்.

900 ரூபாய்க்கு ஒரு புளூடூத் ஸ்கேனர் வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிப் போனில் பார்த்தேன். பி0303. கடைசி எண் சிலிண்டரைச் சொல்கிறது: மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0300 என்று வந்தால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாது, வேறு தேட வேண்டும். அதே சர்வீஸ் சென்டரில் மூன்றாவது காயிலை மட்டும் மாற்றினார்கள். 2,600 ரூபாய். ஐந்து மாதம் ஓடியது. 2024 ஜனவரியில் திரும்ப பி0303.

அப்போதுதான் சேலத்தில் கோரிமேடு பக்கம் ஒரு பாய் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பொறியைப் பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் உண்டாக்கிய பழைய வண்டிகளின் காலத்திலிருந்து எலக்ட்ரிக்கல் வேலை செய்பவர். என் அப்பா டாக்சி ஓட்டியவர். மழைக்காலத்தில் வண்டி இழுக்கவில்லை என்றால் ராத்திரியில் லைட்டை அணைத்துவிட்டு பானெட்டைத் திறப்பார். பிளக் வயரில் எங்கே நீலமாகப் பொறி ஓடுகிறது என்று இருட்டில் தெரியும். பாயைப் பார்த்ததும் அந்த ஞாபகம் வந்தது.

பாய் ஒன்றையும் கழற்றவில்லை. முதலில் ஓட்டினார். சமதளத்தில் நாலாவது கியரில் 35 வேகத்துக்கு இறக்கி, ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்தார். வெட்டியது. "இதுக்கு ஏற்காடு போகணுமா தம்பி?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பதினைந்து மாதமாக நான் சொல்லி யாரும் நம்பாத வெட்டை அவர் ஒரு நிமிடத்தில் வரவழைத்துவிட்டார்.

திரும்பி வந்து மூன்றாவது காயிலை உருவினார். அடியில் பிளக்கின் மேல் மாட்டும் ரப்பர் உறையான பூட் ஊறி உப்பியிருந்தது, விரலில் ஆயில் ஒட்டியது. உள்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டது போல மெல்லிய கருப்புத் தடம். டார்ச் அடித்துக் காட்டினார். பிளக் உட்காரும் குழியில் ஆயில் தேங்கியிருந்தது. நிச்சயப்படுத்திக்கொள்ள அந்தக் காயிலைத் துடைத்து முதல் சிலிண்டரில் போட்டு, முதல் காயிலை மூன்றில் போட்டு, ஸ்கேனரில் எரர் கோடை அழித்துவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னார். பி0301 வந்தது. காயிலோடு சேர்ந்து கோளாறும் இடம் மாறிவிட்டது.

காயில் போய்விட்டது சரி, ஆனால் போனதற்குக் காரணம் ஆயில். இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரில் பிளக் குழியைச் சுற்றி இருக்கும் சீல் சூட்டில் இறுகி, ஆயில் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலில் பூட் கெட்டுப்போய், பொறி பிளக்கின் பீங்கானை ஒட்டி வெளிப்பக்கமாக இரும்புக்கு ஓடியிருக்கிறது. ஓடிய வழியெல்லாம் கரி. கரி விழுந்துவிட்டால் அது நிரந்தரப் பாதை. பிளக்கிலும் அதே கோடு இருந்தது. புதுக் காயிலைப் போட்டு, தடம் விழுந்த பழைய பிளக்கை அப்படியே விட்டதால் புதுப் பூட்டிலும் கோடு விழுந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஆயிலை நிறுத்தாமல் எதை மாற்றியும் பலன் இல்லை என்றார்.

ஆகஸ்டில் காயிலை உருவியவர் இந்த ஆயிலைப் பார்த்திருக்கத்தான் வேண்டும். துணியால் துடைத்துவிட்டுப் புதிதை மாட்டியிருக்கிறார். இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. பம்ப் விஷயத்தைக் கூட மன்னித்துவிடலாம், கண்ணுக்கு முன்னால் நின்ற ஆயிலை எப்படி மன்னிப்பது?

இதில் வண்டியைச் செய்தவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. என் வண்டியில் அந்தச் சீல் தனியாகக் கிடைக்காது, பிளாஸ்டிக் டேப்பட் கவரோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். சின்ன ரப்பர் வளையம் இறுகியதற்கு முழுக் கவரையும் வாங்க வேண்டும். 4,200 ரூபாய். பாய் ஒரு பழைய ஊசி சிரிஞ்சில் டியூப் மாட்டி ஆயிலை உறிஞ்சி எடுத்த பிறகே பிளக்கில் கை வைத்தார். இல்லாவிட்டால் எல்லாம் சிலிண்டருக்குள் விழும். இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து நான்கு பிளக்கும் ஒரு காயிலும் போட்டார். கூலி 700 கேட்டார், 1,000 கொடுத்தேன், 300-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் 21,000 கிலோமீட்டர். இரண்டு மழைக்காலம். ஒரு வெட்டு இல்லை. மூன்றாவது கியரில் வளைவுக்கு வளைவு இழுத்துக்கொண்டு ஏறுகிறது. சில நாள் காலையில் ஜன்னலை இறக்கிவிட்டு இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போகிறேன்.

தம்பியிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நீங்க மட்டும் விக்காம வச்சிருக்கீங்களே அண்ணா?" என்று கேட்டான். நான் விற்கப் போவதில்லை, அம்மாவும் விட மாட்டார். எனக்குக் கோரிமேட்டில் பாய் இருக்கிறார். அவனுக்கு ஓசூரில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவன் ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியைப் பார்க்கப் போகிறான், நான் சொன்னதைக் கேட்கிற மாதிரி தெரியவில்லை. 10 எம்எம் ஸ்பேனரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போ, அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் நான்கு காயிலையும் கழற்றிக் குழிக்குள் பார் என்று சொல்லியிருக்கிறேன். போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்றான்.