ஆறா, ஏழா, எட்டுக்குக் காத்திருப்பதா? முற்றத்து வீட்டுக்கு எந்த வைஃபை

வைசியாள் வீதிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீடு. திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம், பின்கட்டில் சமையலறை, மாடியில் மூன்று அறைகள். மாடி அறைகளை வீட்டுக்கார அக்கா வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். போன மாதம் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மேல தங்குறவங்க எல்லாம் வைஃபை வரலைங்கிறாங்க. கடையில ஏழு வாங்குங்கன்னு சொல்றாங்க. தங்கச்சி மவன் எட்டு வரப்போவுது, பொறுங்கங்கிறான். எதைத்தான் வாங்குறது?"

புதுச்சேரியின் பழைய வீடுகளுக்கு லேன் ஒயர் இழுப்பதும் ரௌட்டர் பொருத்துவதும்தான் என் தொழில். இதே கேள்வி வாரத்துக்கு இரண்டு முறையாவது வருகிறது. அதனால் அந்த வீட்டையே உரைகல்லாக வைத்து வைஃபையின் ஆறு, ஏழு, எட்டு என்ற மூன்று தலைமுறைகளையும் பார்த்துவிடலாம்.

பழைய கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1997இல் வந்த முதல் வைஃபை தரமான 802.11இன் உச்ச வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். 1999இல் 'பி' வகை 11 தந்தது, 2003இல் 'ஜி' 54. 2009இல் வந்த 'என்', பல ஆன்டெனாக்களை ஒரே நேரத்தில் வேலை வாங்கி 600 வரை போனது. 2013இல் 'ஏசி'. இந்த எழுத்துகளில் எது புதுசு, எது பழசு என்று கடைக்குப் போகிறவர்களுக்குப் புரியவில்லை. 2018 அக்டோபரில் வைஃபை நிறுவனங்களின் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் எண்களுக்கு மாறியது. 'என்' நான்கு, 'ஏசி' ஐந்து, அடுத்து வந்த 'ஏஎக்ஸ்' ஆறு. நல்ல மாற்றம்தான். ஆனால் எண் கூடினால் எல்லாமே கூடும் என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது.

உண்மையில் ஐந்து வரைக்கும் நடந்தது வேகத்துக்கான ஓட்டம். ஆறில் கவனம் கூட்டத்தைச் சமாளிப்பதற்குத் திரும்பியது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தைய தரங்களில் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அடுத்தவருக்கு இலை. அவர் கேட்டது ஒரு வாய் ரசம் என்றாலும் மொத்தப் பந்தியும் அவருக்கே. ஆறாம் தலைமுறை அதே நேரத்தில் பல பேருக்கு இலை போடுகிறது. குழந்தைக்குச் சின்ன இலை, பெரியவருக்குப் பெரிய இலை. ஒரு வாட்ஸாப் செய்தியும் ஒரு வீடியோ அழைப்பும் ஒரே சுற்றில் போய்விடும். மூன்று அறை, ஆறு விருந்தாளி, ஆளுக்கு இரண்டு கருவி என்று இருக்கும் வீட்டுக்கு இது நேரடியான பலன்.

ஏழு மூன்று விஷயங்களைச் சேர்க்கிறது. சேனலின், அதாவது தரவு போகும் அலைப் பாதையின், அகலம் 160இலிருந்து 320 மெகா ஹெர்ட்ஸாகிறது. காற்றில் அனுப்பும் ஒவ்வொரு குறியீட்டிலும் 10 பிட்டுக்குப் பதில் 12 பிட் ஏறுகிறது. ஒரே கருவி இரண்டு அலைவரிசைகளில் சேர்ந்தாற்போல் தொடர்பு வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆன்டெனா உள்ள கைபேசியை வைத்துக் கணக்குப் போட்டால், ஐந்தில் 80 மெகா ஹெர்ட்ஸ் சேனலில் இணைப்பு வேகம் 867 மெகாபிட், ஆறில் அதே அகலத்தில் 1200, ஏழில் முழு 320 கிடைத்தால் 5760. கேட்கவே பிரமாதமாக இருக்கிறது. அக்கா வீட்டு ஃபைபர் திட்டமோ 100 மெகாபிட். அதற்கு ஐந்தே போதும், தாராளமாக.

அந்த 320 எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. அதற்கு 6 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டும். மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதி, 5925 முதல் 6425 வரையிலான 500 மெகா ஹெர்ட்ஸை மட்டும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட முன்மொழிந்தது. அந்த 500க்குள் 320 அகலத்தில் ஒரே ஒரு சேனல்தான் அடங்கும். சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில் நான்கு வீட்டுக்காரர்கள் ஏழு வாங்கினால், நாலு பேரும் அந்த ஒரே சேனலில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டியில் 'வைஃபை 7' என்று போட்டிருந்தாலும் 2.4, 5 கிகா ஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள ரௌட்டர்கள் கடைகளில் நிறைய இருக்கின்றன. அவற்றில் 6 கிகா ஹெர்ட்ஸே கிடையாது. ஐஃபோன் 16இலும் வைஃபை 7 உண்டு, ஆனால் 160 மெகா ஹெர்ட்ஸ் அகலத்தோடு அது நின்றுவிடுகிறது. பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இப்போது சுவருக்கு வருவோம், எனக்கு இதுதான் முக்கியம். அந்த வீட்டின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும், கிட்டத்தட்ட ஒன்றரை அடி கனம். 2.4 கிகா ஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர், அது எப்படியோ தாண்டிவிடும். ஆனால் ஒன்றோடொன்று மோதாத சேனல் அதில் மூன்றுதான், தெருவே அதில்தான் இருக்கிறது. 5 கிகா ஹெர்ட்ஸும் 6 கிகா ஹெர்ட்ஸும் இந்தச் சுவரில் பாதி உயிரை விட்டுவிடும். ஏழின் 12 பிட் வித்தையோ ரௌட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பலிக்கும்.

ரௌட்டர் எங்கே என்று கேட்டேன். முன்னறையில், இரும்பு பீரோவின் மேல், மூலையோடு மூலையாக, துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். மாடியில் மூன்றாவது அறைக் கட்டிலில் உட்கார்ந்து அளந்தேன். சிக்னல் மைனஸ் 81 டிபிஎம் (பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம்). ரௌட்டரைக் கழற்றி, தாழ்வாரத்து மரத்தூணில் முற்றத்தைப் பார்த்தமாதிரி கட்டினேன். மாடி அறைகளின் ஜன்னல்கள் எல்லாம் முற்றத்தைப் பார்த்துத்தான் திறக்கின்றன. அதே கட்டிலில் இப்போது மைனஸ் 66. பதினைந்து டெசிபல் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய முப்பது மடங்கு சக்தி. பைசா செலவில்லை. காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் கட்டிய முற்றம் அலைக்கும் வழி விட்டது.

சரி, எட்டு? அதன் பெயர் 802.11 பிஎன், தரம் முடிவாவது 2028இல் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு மனதார மகிழ்ச்சி தருவது இதுதான். இதில் உச்ச வேகத்தைக் கூட்டவே இல்லை, ஏழின் 320 மெகா ஹெர்ட்ஸும் 12 பிட்டும் அப்படியே இருக்கின்றன. வைத்திருக்கும் இலக்கு நம்பகத்தன்மை. சிக்னல் மெலிந்த இடத்தில் 25 சதவீதம் கூடுதல் வேகம், மோசமான நேரத்துத் தாமதத்தில் 25 சதவீதக் குறைவு, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தொலையும் தரவில் 25 சதவீதக் குறைவு. பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் கத்திப் போட்டியிடாமல் முறை வைத்துப் பேசிக்கொள்ளவும் வழி செய்கிறார்கள். மாடிப்படி ஏறும்போது அறுந்துபோகும் வீடியோ அழைப்பைப் பற்றி முதல்முறையாக ஒரு தரம் இவ்வளவு கவலைப்படுகிறது. ஆனாலும் அதற்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். ரௌட்டர் எட்டாக இருந்தால் போதாது, விருந்தாளியின் கைபேசியும் எட்டாக இருக்க வேண்டும். அதற்கு இன்னும் பல வருடங்கள் ஆகும்.

ஒயர் இல்லாத மெஷ், அதாவது ஒன்றோடொன்று வைஃபையிலேயே பேசிக்கொள்ளும் பல பெட்டிகள், வாங்கலாமா என்றும் அக்கா கேட்டார். இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் பேச அதே ஒன்றரை அடிச் சுவரைத்தான் தாண்ட வேண்டும். ஒயர் இழுக்கவே முடியாத வீடு என்றால், இரட்டை அலைவரிசைத் தொடர்பு இருப்பதால் அந்த ஒரு வேலைக்கு வைஃபை 7ஐ நான் சிபாரிசு செய்வேன். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கத்துப் புது அடுக்குமாடிகளில் சுவர் மெலிசு, அங்கே 500 மெகாபிட்டுக்கு மேல் திட்டம் வைத்திருப்பவர்களும், வீட்டுக்குள்ளேயே பெரிய வீடியோ கோப்புகளை மாற்றுகிறவர்களும் மூன்று அலைவரிசை உள்ள வைஃபை 7 ரௌட்டரை வாங்கலாம்.

அக்காவுக்கு ஆறாம் தலைமுறைப் பெட்டி இரண்டு. ஒன்று தாழ்வாரத்துத் தூணில், இன்னொன்று மாடி நடையில், நடுவில் கேட் 6 வகை லேன் ஒயர். சுண்ணாம்புச் சுவரில் துளை போடாமல், முற்றத்துக் கூரை விளிம்பை ஒட்டிப் பிவிசி குழாயில் கொண்டுபோனேன். மூன்றாவது அறைக் கட்டிலில் கடைசியாகச் சோதித்தபோது 100 மெகாபிட் திட்டத்தில் 93 வந்தது. குழாயைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருக்கிறேன், பின்னால் இன்னொரு ஒயர் போகும். எட்டு வரும் நாளில் பெட்டிகளை மட்டும் மாற்றினால் போதும்.