படிக்கட்டு லிஃப்டின் வேகம்: நாலு வருஷம் பார்த்ததில் தெரிந்தது

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் அதிகமான பிறகு, படிக்கட்டில் லிஃப்ட் நாற்காலி, அதாவது படியோரத் தண்டவாளத்தில் ஆளை உட்காரவைத்து ஏற்றி இறக்கும் நாற்காலி, பொருத்தி நாலு வருஷம் ஆகிறது. வாங்கும்போது நான் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு வேகமாகப் போகும்?" இன்று யாராவது என்னிடம் அதைக் கேட்டால், "ஒரு தடவை உட்கார்ந்து, எப்படிக் கிளம்புகிறது, எப்படி நிற்கிறது என்று பாருங்கள்" என்பேன்.

ஐரோப்பியத் தரவிதிப்படி இவை விநாடிக்கு 0.15 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெரும்பாலானவை அதற்கும் குறைவாகத்தான் ஓடுகின்றன. எங்கள் தண்டவாளம் 6 மீட்டர், மேலே ஒரு திருப்பம். புதிதில் அம்மா மேலே போய்ச் சேர 65 விநாடி ஆனது. திருப்பம் நெருங்கியதும் நாற்காலி தானாகவே நிதானிக்கும். உடம்பு ஒரு பக்கம் சாய்கிற இடம் அது. அங்கே மெதுவாகப் போவதுதான் அம்மாவுக்குத் தைரியம். எடை கூடினால் வேகம் குறையும் என்று நினைத்திருந்தேன். 58 கிலோ அம்மாவுக்கும் 90 கிலோ அண்ணனுக்கும் ஏறும்போது இரண்டு மூன்று விநாடிதான் வித்தியாசம்.

இரண்டாம் வருஷம் பயணம் ரொம்ப நீண்டது. மோட்டார் தளர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு நாள் பக்கத்திலேயே படியேறிப் பார்த்தால், காரணம் அம்மாவின் கட்டைவிரல். கைப்பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் நாற்காலி நகரும். மூட்டு வலியில் விரல் வழுக்க வழுக்க, நாற்காலி நின்று நின்று மறுபடி மெல்லக் கிளம்பியது. ஆறு மீட்டருக்குள் ஐந்து தடவை! பாவம், அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொத்தானுக்குப் பதில் உள்ளங்கையால் தள்ளும் பெரிய நெம்புகோல் போட்டதும் பழைய நேரம் திரும்பியது. வாங்கும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் வருஷம் வந்தது நிஜமான தளர்ச்சி. இறங்கும்போது ஒன்றும் தெரியாது, ஏறும்போது மட்டும் 80 விநாடிக்கு மேல். இது ஓடுவது பேட்டரியில். வீட்டு மின்சாரம் அதைச் சார்ஜ் செய்வதோடு சரி. அந்தச் சார்ஜும் தண்டவாளத்தின் ஏதாவது ஒரு முனையில் நாற்காலி சரியாகப் போய் நின்றால்தான் ஏறும். நாங்களோ நடக்க இடம் வேண்டும் என்று அதைப் பாதி வழியில் நிறுத்திவிடுவோம். அது பீப் பீப் என்று கத்தியதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. சார்ஜ் இறங்கி இறங்கியே பேட்டரி கெட்டுப்போனது.

இரண்டு பேட்டரியையும் மாற்றினோம். அடுத்த நாள் எடுத்துப் பார்த்தால் 66 விநாடி. அப்புறம் தினமும் இரவு நாற்காலி முனையில் நிற்கிறதா, சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.