ஸ்பீக்கரைத் தரையில் அடுக்குவதா, தொங்கவிடுவதா, நடுவில் டிலே டவரா?

திறந்தவெளிக் கச்சேரியில் பின்வரிசைக்குப் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்றால் இன்னும் நாலு பாக்ஸ் இறக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் குறை வாட்ஸில் இல்லை, உயரத்தில் இருக்கிறது.

50 மீட்டர் ஆழ மைதானத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கரிலிருந்து முதல் வரிசை 3 மீட்டர், கடைசி வரிசை 48 மீட்டர். உட்கார்ந்திருப்பவர் காது 1.2 மீட்டர் உயரம்.

சப் (பேஸ் ஒலிக்கான பெட்டி) மேல் டாப் (குரலும் மற்ற ஒலிகளும் வரும் பெட்டி) வைத்துத் தரையில் அடுக்கினால் டாப்பின் நடு சுமார் 2 மீட்டரில் நிற்கும். தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் கணக்குப்படி, முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் ஏறக்குறைய 24 டெசிபல் வித்தியாசம். பின்னால் கேட்க வேண்டுமென்று ஏற்றினால் முன்னால் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். போதாக்குறைக்கு, முன்னால் கூட்டம் எழுந்து நின்றால் வார்த்தைத் தெளிவுக்கு வேண்டிய உயர் அலைவரிசைகள் அங்கேயே தடைபடும்.

டாப்பை 8 மீட்டரில் தொங்கவிட்டால் முதல் வரிசைக்கான தூரமே ஏழரை மீட்டராகிவிடும். வித்தியாசம் 16 டெசிபல். லைன் அரே (ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாகத் தொங்கும் பாக்ஸ்கள்) என்றால் கோணத்தால் இதை இன்னும் குறைக்கலாம்: மேல் பாக்ஸ்களுக்கிடையே 0 முதல் 1 டிகிரி, கீழே வர வர விரித்து 8, 10 வரை. எல்லாவற்றையும் நேர்கோட்டில் தொங்கவிட்டால் முன்பாதி கூட்டத்தின் தலைக்கு மேலேயே ஒலி போய்விடும். மேடை விளிம்பில், முன்வரிசைக்கென்றே வைக்கும் சின்ன ஃப்ரன்ட் ஃபில் பாக்ஸ்களும் கட்டாயம். இல்லையென்றால் முதல் இரண்டு வரிசைக்குப் பாடகர் குரலே இருக்காது.

1992-இல் எல்-அகூஸ்டிக்ஸ் நிறுவனத்தின் வி-டாஸ்க் என்ற லைன் அரே வந்த பிறகு இந்த முறை உலகெங்கும் பரவியது. ஆனால் நீளம் இல்லாமல் அது வேலை செய்யாது. 30 சென்டிமீட்டர் பாக்ஸ் நான்கு தொங்கினால் நீளம் 1.2 மீட்டர்தான், சுமார் 290 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மேலும் கீழும் பரவுவதன் மீதான கட்டுப்பாடு கைவிட்டுப் போகும். எவ்வளவு எடை தாங்கும் என்று குறித்த டிரஸ் (உலோகச் சட்டக) டவர், தாங்கும் அளவு முத்திரையிட்ட ஷாக்கிள் (இணைப்புக் கொண்டி), தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பிவடம் இல்லாவிட்டால் தொங்கவிடவே கூடாது. பந்தல் கால் இதற்கானதல்ல.

அந்த வசதி இல்லாதவர்களுக்கு மூன்றாவது வழி. டாப்பை உறுதியான சாரத்தில் ஏற்றி நடு 3.5 மீட்டர் வரும்படி பெல்ட்டால் கட்டுங்கள். 25 மீட்டரில் இரண்டு டிலே டவர் (மேடை ஒலியோடு பொருந்தும்படி சற்றுத் தாமதமாக ஒலிக்கும் துணை ஸ்பீக்கர் டவர்) நிறுத்துங்கள். மேடைப் பக்கத்து மெயின் ஸ்பீக்கர் இனி 25 மீட்டர் வரை எட்டினால் போதும், அதற்குள் வித்தியாசம் அதே 16 டெசிபல்தான். அரைகுறையாகத் தொங்கும் நாலு பாக்ஸைவிட இதையே தேர்ந்தெடுப்பேன்.

டிலே கணக்கு: 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். 25 மீட்டருக்கு 72 மில்லிசெகண்ட். அதோடு 10 முதல் 15 கூட்டினால்தான் குரல் மேடையிலிருந்து வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். கூட்டாவிட்டால் பாடகர் டவரில் நிற்பதுபோல் இருக்கும். ரொம்பக் கூட்டினால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். டவரில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

எந்த முறையானாலும் சப்பை இடம் வலமாகப் பிரிக்கும்போது கவனம். 60 ஹெர்ட்ஸின் அலைநீளம் 5.8 மீட்டர், இரு பக்கத்துக்கும் தூரம் 2.9 மீட்டர் வேறுபடும் இடத்தில் பேஸ் விழுந்துவிடும், நடுவில் மட்டும் இடிக்கும். மேடைக்கு முன் நடுவில் சேர்த்து வைத்தால் சீராக இருக்கும். கூட்டம் வருமுன் 60 ஹெர்ட்ஸ் டோன் விட்டு மைதானத்தைக் குறுக்கே நடந்து பாருங்கள்.