சுற்றுச்சூழல் பிஎச்.டி.க்கு எந்த அரசு உதவித்தொகை? ஜே.ஆர்.எஃப். முதல் பி.எம்.ஆர்.எஃப். வரை ஓர் ஒப்பீடு

ஐந்து ஆண்டும் முழுதாகக் கிடைத்தால், தேசியத் தகுதித் தேர்வான நெட் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். வாங்கிய ஒருவருக்கு வீட்டு வாடகைப் படி சேர்க்காமல் 24 லட்சம் ரூபாய் வருகிறது. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகையான பி.எம்.ஆர்.எஃப். வாங்கியவருக்கு அதே ஐந்து ஆண்டில் 45 லட்சம். தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையில் மூன்று ஆண்டுக்கு 9 லட்சம். மத்தியப் பல்கலைக்கழகத்தில் எந்த உதவித்தொகையும் இல்லாமல் சேர்ந்தவருக்கு பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. தருவது மாதம் 8,000.

இப்படி வரிசைப்படுத்திவிட்டால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் குழப்பமே இருக்கக் கூடாது. ஆனால் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் முடித்துவிட்டு ஆய்வுக்குப் போக நினைக்கிற ஒருவருக்கு இந்த வரிசை சரிப்பட்டு வராது. நம் துறையின் ஆய்வுக்கூடம் பாதி நேரம் கட்டடத்துக்கு வெளியேதான் இருக்கிறது. ஏரி, கழிமுகம், குப்பைக்கிடங்கு, சாயப்பட்டறை கழிவு கலந்த ஆறு என்று எங்கெங்கோ போய் மாதிரி எடுக்க வேண்டும், மழைக்கு முன்பும் பின்பும் எடுக்க வேண்டும், அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்பப் போக வேண்டும். அதனால் மாதத்தொகையோடு இன்னும் இரண்டு விஷயங்களைப் பார்த்தே ஆக வேண்டும். அந்த உதவித்தொகையை எந்த ஊருக்கு எடுத்துப் போகலாம்? களவேலைக்கு அது எவ்வளவு தருகிறது, எப்போது தருகிறது?

யு.ஜி.சி. நெட் ஜே.ஆர்.எஃப்.

யு.ஜி.சி., சி.எஸ்.ஐ.ஆர். என்ற இரண்டு நெட் தேர்வுகளில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கென்று தனித்தாள் இருப்பது இதில்தான். பாட எண் 89. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. இரண்டு ஆண்டு முடிந்ததும் ஒரு குழு உங்கள் வேலையை மதிப்பிட்டு முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகையான எஸ்.ஆர்.எஃப். ஆக உயர்த்தும். அப்புறம் 42,000. விடுதியில் தங்காவிட்டால் ஊரின் வகையைப் பொறுத்து வீட்டு வாடகைப் படி தனியாக வரும்.

இதன் உண்மையான பலம் தொகையில் இல்லை. உதவித்தொகை வழங்கும் கடிதம் வந்த பிறகு மூன்று ஆண்டுக்குள் எந்த அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் வேண்டுமானாலும் சேரலாம் என்பதில் இருக்கிறது. வெள்ளாற்றுக் கழிமுகத்தையும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டையும் படிக்க வேண்டும் என்றால் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்துக்குப் போகலாம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் வேலை என்றால் ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம் இருக்கிறது. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம், வேளாண் பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் என்று நல்ல துறைகள் பல ஊர்களில் இருக்கின்றன. சம்பளத்தைக் கையோடு கொண்டுவரும் மாணவருக்குக் கைடு கிடைப்பதும் எளிது, தலைப்பைப் பேசி முடிவு செய்வதும் எளிது. ஆய்வுக்களத்துக்கு இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது மீன்கள் செத்து மிதக்கிற செய்தி காலையில் வரும்போதுதான் தெரியும். மதியத்துக்குள் அங்கே போய்த் தண்ணீர் எடுத்துவிடலாம்.

குறை என்று பார்த்தால், முதலாவது பணம் வந்து சேரும் வழி. நீங்கள் வேலை செய்தீர்கள் என்று பல்கலைக்கழகம் மாதந்தோறும் இணையதளத்தில் உறுதி செய்ய வேண்டும். ஒருவர் பதிவேற்றுவார், இன்னொருவர் ஒப்புதல் தருவார். இவர்களை ஸ்காலர்கள் மேக்கர், செக்கர் என்பார்கள். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதம் தள்ளிப்போகும்.

இரண்டாவது குறைதான் என்னை அதிகம் வருத்துவது. அது கன்டின்ஜென்சி, அதாவது மாதத்தொகைக்கு மேல் ஆய்வுச் செலவுக்கென்று தருகிற தொகை. அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 12,000. மீதி மூன்று ஆண்டு, ஆண்டுக்கு 25,000. அதாவது ஆய்வுக்களத்தைத் தேடி அலைகிற, மாதிரிகளைக் குவிக்கிற, ஒவ்வொரு பருவமும் வண்டி பிடித்துப் போகிற முதல் இரண்டு ஆண்டுகளில் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். உட்கார்ந்து எழுதுகிற காலத்தில் இரண்டு மடங்குக்கு மேல். ஆய்வகத்திலேயே இருக்கிற துறைகளுக்கு இந்த வரிசை பொருந்தலாம். நம் துறைக்கு இது தலைகீழ். மாதிரிகளை உலோகப் பகுப்பாய்வுக்கு வெளியே அனுப்பினால் ஒரே தவணையில் ஓராண்டுத் தொகை தீர்ந்துவிடும். மீதியை மாணவர்கள் தங்கள் மாதத்தொகையிலிருந்து போடுகிறார்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம் அது. களப்பணி உள்ள பாடங்களுக்காவது இந்த ஏற்பாட்டை யு.ஜி.சி. மாற்றியே தீர வேண்டும்.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் எங்கே வேறுபடுகிறது

அறிவியல், தொழில்துறை ஆராய்ச்சிக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர்.-இன் நெட் தேர்விலும் ஜே.ஆர்.எஃப். உண்டு, மாதத்தொகை அதேதான். ஆனால் சி.எஸ்.ஐ.ஆர். தேர்வில் சுற்றுச்சூழல் என்ற தாளே கிடையாது. வேதியியல், கணிதம், இயற்பியல், உயிர் அறிவியல், அப்புறம் புவி-வளிமண்டல-கடல்-கோள் அறிவியல் என்று ஐந்து தாள்கள்தான். விலங்கியலோ தாவரவியலோ படித்துவிட்டுச் சூழலியல் பக்கம் வருபவருக்கு உயிர் அறிவியல் தாள், புவியியற்பியலிலோ கடலியலிலோ இருந்து வருபவருக்கு ஐந்தாவது தாள். எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் மட்டும் படித்தவர் உயிர் அறிவியல் தாளை எடுத்தால் மூலக்கூறு உயிரியலும் உயிர்வேதியியலும் மூச்சு முட்ட வைக்கும். தவறான விடைக்கு மதிப்பெண்ணும் குறையும்.

ஒரு விஷயத்தில் மட்டும் இது யு.ஜி.சி.யை விட மேல். கன்டின்ஜென்சி முதல் ஆண்டிலிருந்தே 20,000. ஐந்து ஆண்டுக் கூட்டுத்தொகை இங்கே 1,00,000, அங்கே 99,000. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதல் இரண்டு ஆண்டில் இங்கே 40,000, அங்கே 24,000. களவேலைக்காரருக்கு அந்தப் பதினாறாயிரம் பெரிய விஷயம்.

பி.எம்.ஆர்.எஃப்.: பணம் உண்டு, இடம் அவர்கள் சொல்வதுதான்

2018-ல் வந்த திட்டம். முதல் இரண்டு ஆண்டு மாதம் 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, அதன் பிறகு 80,000. இதற்கு மேல் ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வு மானியம். ஐந்து ஆண்டும் சேர்த்தால் 10 லட்சம், அதாவது ஜே.ஆர்.எஃப். கன்டின்ஜென்சியைப் போலப் பத்து மடங்கு. களவேலைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எந்த அரசு உதவித்தொகையிலும் இல்லை. இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

சிக்கல் என்னவென்றால் இது ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எஸ்சி., அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர் போன்ற குறிப்பிட்ட இடங்களுக்குள் மட்டும்தான் செல்லும். மாநிலப் பல்கலைக்கழகத் துறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அங்கே இதை எடுத்துப் போக முடியாது. உங்கள் கேள்வி காற்று மாசு வேதியியல், நீர் சுத்திகரிப்பு, காலநிலை மாதிரியாக்கம் இவற்றில் இருந்தால் சென்னை ஐ.ஐ.டி.யை விட நல்ல இடம் தேட வேண்டியதில்லை. சூழலியல் என்றால் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யில் 1983 முதல் இயங்கும் சூழலியல் மையம் இருக்கிறது. ஆனால் பாக் நீரிணைக் கடற்புல்லையும் அதை நம்பி வாழும் மீனவர்களையும் பற்றி ஆய்வு செய்ய விரும்பும் ராமநாதபுரத்துப் பெண் இந்தப் பணத்துக்காகத் தலைப்பை மாற்றிக்கொள்ள வேண்டிவரலாம். 2025 மத்திய பட்ஜெட்டில் ஐந்து ஆண்டில் 10,000 பேருக்கு இந்த உதவித்தொகை என்று அறிவித்தபோது, ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி.யில் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு என்று சொன்னார்கள். ஈரநிலமும் பல்லுயிரும் அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு தூரம் அடங்கும் என்பதுதான் என் கவலை.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒன்று. ஐ.ஐ.டி.யில் சேர ஜே.ஆர்.எஃப்.பும் வேண்டாம், பி.எம்.ஆர்.எஃப்.பும் வேண்டாம். பொறியியல், அறிவியல் உயர்படிப்புச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல்-பொறியியலுக்குத் தனித்தாள் வந்திருக்கிறது. நல்ல மதிப்பெண்ணோடு நேர்காணலில் தேறிவிட்டால், வாரத்தில் சில மணி நேரம் கற்பித்தல் வேலைக்கு ஈடாக நிறுவனமே ஜே.ஆர்.எஃப். அளவுத் தொகையைத் தரும்.

இன்ஸ்பயரும் திட்டப் பணியும்

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுநிலையில் பல்கலைக்கழகத்தின் முதலிடம் பிடித்தவர்களுக்கு, பொதுப் பிரிவில் 27 வயதுக்குள். ஆண்டுக்கு 1,000 பேர், தொகை ஜே.ஆர்.எஃப். அளவு, கன்டின்ஜென்சி 20,000. போட்டித் தேர்வு கிடையாது, ஊரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். தகுதி இருந்தால் விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது என்ற புகார்கள் செய்திகளில் வந்தபடி இருப்பதால் சிறிது கைச்சேமிப்பும் வேண்டும்.

திட்டப் பணி, அதாவது ஒரு பேராசிரியரின் மானியத்தில் புராஜெக்ட் ஃபெல்லோவாகச் சேர்வது, வேறு வகை. மானியம் முடிந்தால் சம்பளம் நிற்கும். தலைப்பு அவருடையது. ஆனால் வண்டி, கருவி, பகுப்பாய்வுச் செலவு எல்லாம் திட்டக் கணக்கில் போகும். நம் துறையில் இதைக் குறைவாக மதிக்கிறார்கள் என்பது என் எண்ணம். எம்.எஸ்சி. முடித்ததும் ஓராண்டு திட்டப் பணியில் களத்தைப் பழகிக்கொண்டே நெட்டுக்குப் படிப்பது, பிறகு ஜே.ஆர்.எஃப்.போடு பதிவு செய்வது. அறையில் அடைந்து மூன்று முறை தேர்வு எழுதுவதை விட இது ஆயிரம் மடங்கு நல்லது.

சமூக அடிப்படையிலான உதவிகள்

மத்திய அரசின் தேசிய உதவித்தொகையில் எஸ்.சி. மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2,000 இடம், எஸ்.டி.க்கு 750, ஓ.பி.சி.க்கு 1,000. தொகை ஜே.ஆர்.எஃப். அளவேதான், எடுத்துப் போகவும் முடியும். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்படுவதாக 2022 டிசம்பரில் மக்களவையில் சொன்னார்கள். மற்ற திட்டங்களோடு மேற்பொருந்துகிறது என்பது சொன்ன காரணம். ஒருவர் இரண்டு தொகை வாங்குவதை விதியால் தடுக்கலாம், அதற்காகத் திட்டத்தையே மூடுவது நியாயமில்லை.

தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் தருகிறது. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தனித் தேர்வு வழியாக, மாதம் 25,000. அரசுக் கல்லூரியில் ஆய்வு செய்கிறவருக்கு இது பெரிய தெம்பு. ஜே.ஆர்.எஃப்.புக்குக் காத்திருக்கும் காலத்தில் இதை விட்டுவிடுவது தவறு. முதலமைச்சரின் பசுமை ஃபெல்லோஷிப்பையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது மாவட்ட நிர்வாகத்தோடு இரண்டு ஆண்டு வேலை, அண்ணா பல்கலைக்கழகப் பட்டயத்தோடு. நல்ல வாய்ப்புதான், ஆனால் பிஎச்.டி. அல்ல.

வேறு உதவித்தொகை இல்லாதவர்களுக்கு யு.ஜி.சி. தரும் மாதம் 8,000 பற்றியும் சொல்ல வேண்டும். 2015 அக்டோபரில் இதை நிறுத்த யு.ஜி.சி. முடிவெடுத்தபோது மாணவர்கள் டெல்லி அலுவலக வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடிக் காப்பாற்றினார்கள். அன்று ஜே.ஆர்.எஃப். 25,000. அது 31,000 ஆகி 37,000 ஆகிவிட்டது. இந்தத் தொகை அதே 8,000-ல் நிற்கிறது.

சேரும் முன்

2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. முதல் வகைக்கு மட்டும்தான் ஜே.ஆர்.எஃப். மூன்றாவது வகை பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும், அதுவும் ஓராண்டு செல்லும். “நெட் பாஸ்” என்று வீட்டில் சொல்லிவிட்டு, பணம் வராது என்பதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஜூன் 18-ம் தேதி நடந்த தேர்வை மறுநாளே ரத்து செய்ததையும் மறக்க வேண்டாம். ஒரே தேர்வை நம்பி எல்லாத் திட்டத்தையும் போடாதீர்கள்.

என் தேர்வைக் கேட்டால், களம் தமிழ்நாட்டில் என்றால் யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப்., கூடவே மானியத் திட்டம் ஒன்று நடத்திக்கொண்டிருக்கும் கைடு. ஆய்வகமும் கணினியும்தான் உங்கள் களம் என்றால் பி.எம்.ஆர்.எஃப்.பை விடாதீர்கள். எதுவானாலும் சேரும் முன் துறையில் மேக்கர் யார், செக்கர் யார் என்று கேளுங்கள். ஊர் ஓட்டுநரும் படகுக்காரரும் ஜி.எஸ்.டி. பில் தரமாட்டார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்ட ரசீதை ஏற்பார்களா என்பதைக் கணக்குப் பிரிவில் முதல் பயணத்துக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.