தாரமங்கலம் ரோடு இடியப்பக் கடையும் மே 18 கஞ்சியும்

ஓமலூர்ல இருந்து தாரமங்கலம் போற ரோட்ல ஒரு தகர ஷெட்டு, போர்டு கெடையாது, சிலோன் அக்கா கடைன்னு கேட்டா யாரா இருந்தாலும் கை காட்டுவாங்க. அக்கா 1990ல எட்டு வயசுல படகேறி ராமேஸ்வரம் வந்தவங்க, அப்புறம் அகதி முகாம்லயே வளந்து, கல்யாணம் கட்டி, இன்னமும் அங்கதான் இருக்காங்க.

ரெண்டு வருசமா போறேன். செவப்பரிசி இடியப்பம், இடிச்ச சம்பல், சொதி. சொதிக்காகவே அம்மாபேட்டைல இருந்து பைக் எடுத்துட்டு போலாம், தேங்காப்பால் திரியாம எறக்கி வெச்சு அப்புறந்தான் எலுமிச்சம்பழம் புழியறாங்க, அந்த வாசனைக்கே பசிக்கும். உக்கார எடம் கம்மி, வெயில் நேரத்துல தகரம் கொதிக்குது, அது ஒன்னுதான் கஷ்டம்.

ஆனா நான் எழுத வந்தது மே 18 பத்தி. அன்னைக்கு தெரியாம வழக்கம்போல டிபனுக்கு போனேன், இடியப்பம் இல்ல, பெரிய அண்டால கஞ்சி மட்டும். அரிசி, தண்ணி, உப்பு, அவ்ளோதான். கொட்டாங்குச்சில ஊத்தி குடுத்தாங்க. ஊறுகா இருக்காக்கான்னு கேட்டுட்டேன். "இண்டைக்கு ஒண்டும் இல்லைத் தம்பி, இப்பிடியே குடியுங்கோ"ன்னாங்க. அப்பறமாத்தான் சொன்னாங்க, மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாள், 2009ல இலங்கைப் போரோட கடைசியில அங்க சிக்கின சனத்துக்கு மிச்சம் இருந்த சாப்பாடு இந்த கஞ்சிதான், அதுக்கு லைன்ல நிக்கறப்பவே ஷெல் விழுமாம். இவங்க சின்னம்மா மக கஞ்சிக்கு பாத்திரத்தோட போனவ, திரும்பி வரவே இல்ல. எனக்கு அதுக்கு மேல தொண்டைல எறங்கல, ஆனாலும் மிச்சம் வைக்காம குடிச்சேன்.

செவுத்துல ஒரு தாள்ல 1,46,679ன்னு எழுதி ஒட்டியிருந்துச்சு. போர் நடந்த வன்னிப் பகுதில இருந்த சனத்துல இத்தன பேருக்கு என்ன ஆச்சுன்னு மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011ல இலங்கை அரசோட விசாரணை ஆணைக்குழு முன்னாடி கேட்ட கணக்கு அது. ஆயர் 2021ல தவறிட்டாரு, கேள்வி அப்படியே நிக்குது. இதே கஞ்சிய காய்ச்சி குடுத்ததுக்கு 2024ல திருகோணமலை பக்கம் சம்பூர்ல பொம்பளைங்கள கைது பண்ணாங்க, அதையும் அக்காதான் சொன்னாங்க.

அண்டா பக்கத்துல ஒரு உண்டியல், காசாவுக்கும் சூடானுக்கும். ஏன்க்கா உங்க முகாமுக்கே எவ்ளோ தேவை இருக்கேன்னு கேட்டதுக்கு, "நாங்கள் லைன்ல நிண்ட நேரம் ஆரும் பாக்கேல்லைத் தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுத்த ஆளுக்கு ஊத்த ஆரம்பிச்சிட்டாங்க. காசா நகரத்துல பஞ்சம்னு 2025 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க, கொழந்தைங்க கஞ்சிக்கு பாத்திரம் நீட்டுற போட்டோ நாம எல்லாரும் பாத்ததுதான். சூடான்ல எல் ஃபாஷர் நகரத்த ஒன்னரை வருசம் சுத்தி வளைச்சு வெச்சிருந்தப்ப சனங்க மாட்டுக்கு போடுற கடலை புண்ணாக்க தின்னு உசுர வெச்சிருந்தாங்க. நம்ம ஊர்ல புண்ணாக்குன்னா என்னன்னு சொல்லித்தான் தெரியணுமா!

உண்டியல் காச கடைக்கு வர்ற ஒரு சார் ஐநா உலக உணவுத் திட்டத்தோட ஷேர் தி மீல் ஆப்ல தன் கார்டுல கட்டிடறாரு, ரசீது பிரின்ட் எடுத்து அந்த நம்பருக்கு கீழயே ஒட்டியிருக்காங்க, நீங்களே படிச்சுக்கலாம்.

கடை காலைலயும் சாயங்காலமும் உண்டு. மே 18 மட்டும் எட்டு மணிக்கு கஞ்சி, பதினொன்னுக்கெல்லாம் தீந்துடும். பார்சல் கிடையாது, அங்கயே நின்னுதான் குடிக்கணும்.