மூடிய பெட்டியா, போர்ட் பெட்டியா?

ஒரே பத்து அங்குல சப்வூஃபருக்கு, அதாவது பேஸ் மட்டும் பாடும் ஸ்பீக்கருக்கு, இரண்டு பெட்டி செய்து பார்த்தேன். மூடியது 32 லிட்டர், போர்ட், அதாவது காற்று போய்வர ஒரு குழாய், வைத்தது 50 லிட்டர். இப்போது ஹாலில் பாடுவது மூடியதுதான், நான் எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

ஆழமான பேஸ் என்றால் போர்ட் பெட்டிக்குத்தான் வெற்றி. இடத்தையும் அதுதான் அடைக்கும். இது தெரிந்த கதை.

என் மனத்தை மாற்றியது இம்பீடன்ஸ், அதாவது பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் மொத்தத் தடை. ஸ்பீக்கரின் முதுகில் 4 ஓம் என்றிருக்கும். மல்டிமீட்டர் வைத்தால் எந்தப் பெட்டியிலும் 3.4 தான், அது வெறும் கம்பியின் தடை. பாட்டு ஓடும்போது, கோனை (ஸ்பீக்கரின் கூம்பை) அசைக்கும் அந்தக் கம்பிச் சுருள், காயில், காந்தத்துக்குள் ஆடி எதிர் மின்னழுத்தம் உண்டாக்குகிறது. எவ்வளவு வேகமாக ஆடுகிறதோ அவ்வளவு கரண்டைத் தடுக்கும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வேகமாக ஆடும் என்பது பெட்டியின் கையில் இருக்கிறது.

சிங்கப்பூரின் சிம் லிம் டவரில் ஒரு ரெசிஸ்டர் வாங்கி, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் இம்பீடன்ஸை லேப்டாப்பில் அளந்தேன். மூடிய பெட்டியில் ஒரே மேடு: 46 ஹெர்ட்ஸில் 30 ஓம். போர்ட் பெட்டியில் 19-லும் 48-லும் இரண்டு மேடுகள், நடுவே 32 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம். போர்ட் ட்யூன் ஆன இடம், அதாவது அதன் காற்று மிக வலுவாக அதிரும் இடம், அதுதான். அங்கே கோனில் விரல் வைத்தால் லேசான நடுக்கம் மட்டும். போர்ட் வாயில் கை வைத்தாலோ காற்று குபுகுபுவென்று அடிக்கிறது. கோன் அவ்வளவாக ஆடாததால் எதிர் மின்னழுத்தமும் மிகக் குறைவு, இம்பீடன்ஸ் 3.7-க்கு இறங்கிவிட்டது. அதே 32-இல் மூடிய பெட்டி 7 ஓம் காட்டியது. ஆக, வால்யூமைத் தொடாமலே போர்ட் பெட்டிக்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டும். ஆடாத காயிலுக்குக் காற்றோட்டமும் குறைவு, சூடு அங்கேயே தங்கும்.

ஐந்து கம்பி பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி சுமார் 31 ஹெர்ட்ஸ். அப்படிப்பட்ட பாட்டு போர்ட் பெட்டியில் அரைமணி நேரம் ஓடினால், டிவி அலமாரிக்குள் வெந்துகொண்டிருந்த என் பழைய ஆம்ப் சிவப்பு விளக்கைப் போட்டுப் படுத்துவிடும். பெட்டி மாற்றியபின் அந்த விளக்கை நான் பார்க்கவில்லை.

சரி, இதெல்லாம் ஒரே ஆம்ப்பை வைத்துச் சொல்வது. 2 ஓம் தாங்கும் ஆம்ப் இருந்தால் அந்தப் பள்ளம் ஒரு பொருட்டே இல்லை, போர்ட் பெட்டியே வாங்கலாம். கீழ்வீட்டார் சம்மதம் தனி விஷயம்.

என் 50 லிட்டர் பெட்டி, வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டரில் அரிசி மூட்டையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.